உளப்பகுப்பாய்வுப் பயிற்சி வகுப்புகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வடசென்னை மருத்துவமனைகளிலும் ஆலோசனை மையங்களிலும் பயிற்சி பெறும் மனநல மருத்துவ முதுநிலை மாணவர்கள், மருத்துவ உளவியல் மாணவர்கள், சமூகப் பணியாளர்கள், செவிலியர்கள் ஆகியோருக்காகப் பெரம்பூரில் உள்ள நமது அறையில் இவ்வாண்டும் தொடக்கநிலை, மேல்நிலை என இரண்டு வகுப்புகள் நடைபெற்றன. புறநோயாளிகள் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிகிற நிலையில், நோயாளியைப் பேசவிட்டு, அவரே அறியாத மன ஓட்டங்களைப் புரிந்துகொள்ள முயலும் உளப்பகுப்பாய்வின் நூறாண்டு பழைய கருத்துகள் எதற்கு என்று சிலர் கேட்டனர். நேரம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் கேட்கும் திறன் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதே நமது சங்கத்தின் நிலைப்பாடு.

தொடக்கநிலை வகுப்பில் கோட்பாட்டுச் சொற்களை முதலில் அடுக்காமல், உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த வியன்னா மருத்துவர் பிராய்டும் அவருடைய மூத்த சக மருத்துவர் பிராயரும் 1895இல் வெளியிட்ட, ஹிஸ்டீரியா (உடற்காரணம் காணப்படாத முடக்கம் போன்ற அறிகுறிகள்) நோயாளிகளின் வரலாறுகளிலிருந்தே வாசிப்பைத் தொடங்கினோம். நனவிலி மனம் (நாம் அறியாமல் இயங்கும் மனப்பகுதி), ஒடுக்கம் (தாங்க முடியாத எண்ணங்களை நினைவிலிருந்து அகற்றுவது), தற்காப்பு வழிமுறைகள் (மன வேதனையைத் தவிர்க்க மனம் கையாளும் வழிகள்), கனவு ஆகியவை அதன் பின்னரே வந்தன. இக்கருத்துகள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல என்பதை மாணவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக, 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ் பற்றி ஓர் அமர்வு முழுவதும் பேசப்பட்டது. அவர் பிராய்டுடன் பல்லாண்டு கடிதத் தொடர்பு வைத்திருந்ததோடு, ஈடிபஸ் சிக்கல் (குழந்தை பெற்றோரில் ஒருவர்மீது ஆசையும் மற்றவர்மீது போட்டியுணர்வும் கொள்வது) குறித்து அவருடன் மாறுபடவும் தயங்கவில்லை. அந்தத் துணிவு நம் மாணவர்களுக்கும் வேண்டும். வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ மூன்று தலைமுறையினர் ஒரே அறையில் உறங்கும் வீட்டில் வளர்ந்த ஒருவரின் குழந்தைப்பருவத்தை, வியன்னாவின் நடுத்தரக் குடும்பத்தை அளவுகோலாகக் கொண்டு அளக்கக் கூடாது.

மேல்நிலை வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிராய்டு 1905இல் வெளியிட்ட டோரா என்ற இளம்பெண்ணின் வரலாற்றுடன் அது தொடங்கியது. சில வாரங்களிலேயே சிகிச்சையை விட்டு விலகிய அப்பெண் தம்மீது கொண்டிருந்த உணர்வு மாற்றத்தை (வேறொருவர் மீதான பழைய உணர்வுகளைச் சிகிச்சை அளிப்பவர்மீது ஏற்றுவதை) உரிய நேரத்தில் கையாளவில்லை என்று பிராய்டே எழுதிய பகுதியை மாணவர்கள் மிகுந்த ஈடுபாட்டுடன் விவாதித்தனர். சிகிச்சை அளிப்பவருக்குள் எழும் உணர்வும் நோயாளியைப் புரிந்துகொள்ள உதவும் கருவியே என்று 1950இல் வாதிட்ட உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமனின் கட்டுரை அடுத்து வந்தது.

அதன் பிறகு, உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிந்த் லண்டனில் பொது மருத்துவர்களுக்காக உருவாக்கிய குழு விவாத முறையைப் பின்பற்றினோம். ஒரு மாணவர் குறிப்பேடு இல்லாமல் நினைவிலிருந்து ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். பின்னர் அவர் அமைதியாக இருக்க, அந்த உறவில் என்ன நடக்கிறது என்று மற்றவர்கள் பேசுவார்கள். அறிவுரை கூற அனுமதி இல்லை. விவாதங்களில் பலமுறை எழுந்த நிலையை, யாரையும் குறிப்பிடாத வகையில் பொதுவாகச் சொல்கிறேன். மகனை இழந்த ஒரு தாய், பயிற்சி மாணவரை மகனாகவே நடத்தத் தொடங்குகிறார். மாணவரும் தம்மை அறியாமலேயே அவருக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கி, அவருடைய கோபம் வெளிப்படும் தருணங்களில் மட்டும் பேச்சைத் திருப்பிவிடுகிறார். துக்கத்தின் மிக முக்கியமான பகுதி அந்தக் கோபத்தில் இருக்கக்கூடும் என்பதைக் குழுவே கண்டுபிடிக்கும்போது, எந்த விரிவுரையாலும் முடியாத ஒன்று நிகழ்கிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் உரிமையை உறுதி செய்கிறது. ஒரே தெருவில் அனைவரும் அனைவரையும் அறிந்திருக்கும் நம் பகுதியில், பெயரை மட்டும் மாற்றுவது போதாது. தொழில், வசிப்பிடம், குடும்ப விவரம் ஆகியவற்றையும் மறைத்தே விவாதிக்க வேண்டும் என்ற விதியை இவ்வாண்டு கடுமையாக்கினோம். தற்கொலை எண்ணம், தீவிர மனச்சிதைவு போன்ற அவசர நிலைகள் குழு விவாதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது; அவை உடனே மேற்பார்வை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மேல்நிலை வகுப்பை முடித்தவர்களில் சிலர், சான்றிதழில் உளப்பகுப்பாய்வாளர் என்று குறிப்பிட முடியுமா என்று கேட்டனர். செயற்குழு மறுத்துவிட்டது, அந்த முடிவை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். உளப்பகுப்பாய்வாளர் ஆவதற்குத் தாமே நீண்டகாலம் பகுப்பாய்வுக்கு உட்பட்டு, மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்த்து, பல ஆண்டுகள் கற்க வேண்டும். நமது வகுப்புகள் அதற்கு ஈடாகா. வருகைச் சான்றிதழ் மட்டுமே வழங்கப்படும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில், உளப்பகுப்பாய்வாளர் எஸ்தர் பிக் 1948இல் லண்டனில் தொடங்கிய குழந்தை அவதானிப்பு முறையை மேல்நிலை வகுப்பில் சேர்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பிறந்த குழந்தை உள்ள ஒரு வீட்டுக்கு வாரந்தோறும் சென்று, குறிப்பெடுக்காமல் பார்த்து, பின்னர் எழுதி விவாதிக்கும் இம்முறைக்கு, மனமுவந்து இசையும் குடும்பங்களும் அனுபவமுள்ள மேற்பார்வையாளர்களும் தேவை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பகுதி உறுப்பினர்கள் இதில் உதவ வேண்டும் என்று கேட்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்