நினைவஞ்சலியில் அந்த நான்காவது வரி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். ஐப்பசி மழை இந்த வாரம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நம் மாவு மில் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. மூட்டைகளை எல்லாம் பலகை மேல் ஏற்றி வைத்துவிட்டோம்.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு நீ எழுதி அனுப்பிய நான்கு வரிகளை அக்கா படித்துக் காட்டினாள். மூன்று வரிகள் நன்றாக இருக்கின்றன. நான்காவதை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். "எங்களுக்காக மாவுத் தூசியில் தன் வாழ்க்கையைத் தொலைத்தவரே" என்று எழுதியிருக்கிறாய். அழுதுகொண்டேதான் எழுதியிருப்பாய், எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணு, அது உண்மையில்லை. போனில் சொல்ல வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1994-இல் நீ என் வயிற்றில் இருந்தாய். பெரிய மாமா ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அப்பாவுக்கு வேலை பேசி வைத்தார். மாதச் சம்பளம், பி.எஃப்., ஞாயிற்றுக்கிழமை லீவு. நான்தான் நச்சரித்து அனுப்பினேன். மில்லைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பதினோராம் நாள் இரவு கடைசி பஸ்ஸில் பென்னாகரத்தில் வந்து இறங்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "காலையிலிருந்து சாயங்காலம் வரை இரும்புத் துண்டில் ஓட்டை போடுகிறேன். அது எந்த வண்டிக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இங்கே என் மாவு ராத்திரி எந்த வீட்டில் களியாகிறது என்று எனக்குத் தெரியும்" என்றார். நான்கு நாட்கள் நான் அவரோடு பேசவில்லை. கோபம் மட்டுமில்லை, பயம். இரண்டாவது பிள்ளை வரப் போகிறது, கிலோவுக்கு இத்தனை பைசா என்று கூலி வாங்கி எப்படி வளர்ப்பது என்ற பயம். அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். இருந்தும் மறுநாள் விடியற்காலையில் போய் மில்லைத் திறந்தார். நீ பிறப்பதற்கு முன்பே அவர் எடுத்த முடிவு அது. உங்களுக்காக எடுத்ததில்லை. அவருக்காக எடுத்தது.

அவர் கல் கொத்தும்போது நீ உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அரவைக் கல் இரண்டையும் பிரித்துச் சாக்கின் மேல் படுக்க வைப்பார். நடுவிலிருந்து விளிம்பு வரை போகும் வரிகள் மழுங்கியிருக்கும். உளியால் ஒவ்வொரு வரியையும் திரும்பக் கொத்தி எடுக்க அரை நாள் ஆகும். வரி மழுங்கினால் கல் தானியத்தை வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் மாவு சூடேறும், மணம் போய்விடும். மாவு விழும் வாயில் கையை நீட்டி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகையை உருட்டிப் பார்த்துவிட்டு, திருகாணியை ஒரு சுற்று முடுக்குவார் அல்லது தளர்த்துவார். களிக்குக் கொஞ்சம் நறநறப்பு வேண்டும், குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகு என்றால் கண்ணில் மை இடுகிற பதம் வேண்டும். இட்லிக்கும் தோசைக்கும் நமக்குத் தெரிந்த வித்தியாசம் போல அது அவருக்கு. எந்தப் பெண்மணி என்ன கொண்டுவந்தாலும் "வீட்டுக்குப் போனதும் டப்பாவில் போட்டு மூடிவிடாதே அம்மா, பேப்பரில் பரப்பி ஆறவிடு" என்று சொல்லாமல் அனுப்பியதில்லை. முப்பது வருடம் வந்து போகிறவர்களிடமும் அதையே சொன்னார்.

2012 மின்வெட்டு உனக்கு நினைவிருக்கும். மூன்று பேஸ் கரண்ட் எப்போது வருமோ, வந்தால் எத்தனை மணி நேரம் இருக்குமோ. இரவு இரண்டு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்கு எழுந்து போவார். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டு விழித்திருந்து அதைப் பார்த்தாய். "அப்பா பாவம்" என்று அன்றைக்குச் சொன்னாய். அந்த வரி அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீ பார்த்தது அவர் வாசற்படி இறங்குவது வரைதான். நான் இரண்டு முறை டீ எடுத்துக்கொண்டு போனேன். பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, வரிசையில் நின்ற பெண்களோடு விலைவாசி பேசிக்கொண்டு, புருவம் வரை வெள்ளையாக நின்றிருந்தார். அரைத்து முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர்களைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டு வருவார். பாவமாக இருந்தது நான்தான், தூக்கம் கெட்டு.

கோட்டூர் மலைக்காரர்கள் வந்தால் வரிசை கிடையாது, நினைவிருக்கிறதா? மலைக்கு வண்டிப் பாதை இல்லாத காலம். கழுதை மேல் மூட்டை இறக்கி வருவார்கள், இருட்டுவதற்குள் ஏற வேண்டும். உள்ளூர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள். "உன் வீடு நான்கு தெரு, அவர் வீடு மலை மேலே" என்று சொல்லிவிட்டு அவர்கள் மூட்டையை முதலில் கொட்டுவார். இதற்காக ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு மில்லுக்குப் போனார். அப்பா கவலைப்படவில்லை. நான் கவலைப்பட்டேன்.

பாக்கெட் மாவு வந்த பிறகு கூட்டம் குறைந்தது. நடுவில் ஏழெட்டு வருடங்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் மில்லில் நெருக்கம். பிறகு 2023 மே மாதம் நம் தர்மபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மஞ்சள் பையில் இரண்டு இரண்டு கிலோவாக எடுத்துக்கொண்டு இளம் பெண்கள் வந்தார்கள். சிலர் கேழ்வரகைக் கழுவிக் காயவைக்கத் தெரியாமல் அப்படியே கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முறத்தில் புடைத்துக் காட்டினார். இரண்டு கிலோவுக்கு என்ன கூலி வந்துவிடும்? அந்த மாதம் அவர் பத்து வயது குறைந்தவர் போல இருந்தார்.

தூசி அவர் நெஞ்சைக் கெடுத்தது உண்மை. மூக்கில் துணி கட்டச் சொல்லிச் சொல்லி நான் அலுத்துப்போனேன். கட்டினால் மாவின் வாசனை தெரியாது என்று கழற்றிவிடுவார். கடைசி இரண்டு குளிர்காலங்கள் இரவெல்லாம் இருமினார். அதற்கு நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. நீ அதை எழுதினால் நான் தடுக்க மாட்டேன். "தொலைத்தவர்" என்பதை மட்டும் எழுதாதே.

மில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்பாவிடம் வேலை பார்த்த பையன் போன வாரம் முதல்முறையாகத் தனியாகக் கல் கொத்தினான். நேற்று அரைத்த மாவை விரலில் உருட்டிப் பார்த்தேன். களிக்குச் சரியாக இருந்தது, கையில் சூடு இல்லை.

நான்காவது வரிக்கு என்ன போடலாம் என்று அக்கா கேட்டாள். அவர் பெயருக்குக் கீழே "மாவு மில்" என்று போடு, அது போதும் என்றேன். உனக்கு வேறு வரி தோன்றினால் எழுது. அச்சகத்தில் வியாழக்கிழமைக்குள் கேட்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா