லேயிலிருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் படங்கள் வந்து சேர்ந்தன. கூட இரண்டு வரி எழுதியிருக்கலாம். லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், போய் இறங்கியதும் இரண்டு நாள் படுத்தே இரு என்று சொல்லி அனுப்பினேன். முதல் படமே அரண்மனைக்கு மேலேயுள்ள குன்றில் நின்று எடுத்ததாக இருக்கிறது. தலைவலி வந்ததா, இல்லையா?

நிம்மு அருகே சிந்துவும் ஜன்ஸ்காரும் சேருமிடத்தைச் சாலையிலிருந்து எடுத்திருக்கிறாயே, இரு நிறத் தண்ணீரும் கலக்காமல் சிறிது தூரம் ஒட்டியே ஓடுவது அப்படியே விழுந்திருக்கிறது. ஸ்டுடியோவிலேயே காலத்தை ஓட்டிய எனக்கு இது வாய்த்திருக்காது. வானம்தான் கறுத்துவிட்டது. அந்த உயரத்தில் தூசும் ஈரமும் குறைவு, வானம் ஏற்கெனவே கருநீலம். அதன்மேல், வானத்தைக் கறுக்கவைக்கும் போலரைசர் ஃபில்டரை முழுக்கத் திருகினால் வேறென்ன ஆகும்? ஷேயில் வெள்ளை ஸ்தூபிகள் சாம்பல் பூத்திருக்கின்றன. வெள்ளையைக் கண்டால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூட்டி வை என்று டார்க் ரூமில் உட்காரவைத்துச் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

ஆனால் கடைத்தெருவில் முள்ளங்கியும் கீரையும் பரப்பி உட்கார்ந்திருக்கும் அந்தப் பாட்டியின் படத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தராசைத் தூக்கிய கையின் நகக்கண்ணில் மண் தெரிகிறது. உச்சி வெயிலைத் தவிர்த்து, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் முகத்தை எடுத்திருக்கிறாய். அவர் சிரிக்கிற சிரிப்பிலேயே நீ கேட்டுவிட்டுத்தான் எடுத்தாய் என்று தெரிந்துகொண்டேன்.

நுப்ரா பள்ளத்தாக்கின் மணல்மேட்டுப் படத்தில் எடுத்தவர் நிழல் விழுந்திருக்கிறது. தொழில்படி அது தவறு. அதைச் சொல்ல வரவில்லை. நீண்டு கிடக்கும் நிழல் ஒன்றுதான். மாப்பிள்ளை வண்டியில் இருந்திருக்கலாம், டீ குடிக்கப் போயிருக்கலாம். பொங்கலுக்கும் அவருக்கு வேலை இருந்தது, சித்தி வீட்டு விசேஷத்துக்கும் இருந்தது. நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லாப் படத்தையும் பிரிண்ட் போட்டு எதிர்வீட்டுக்காரர்களிடம் காட்டியவள், இதை மட்டும் காட்டவில்லை.

ஹான்லே போகப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். வானத்தின் இருட்டைக் காப்பதற்கென்றே 2022-இல் அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கிருக்கும் தொலைநோக்கி, நம் காவலூர் ஆய்வகத்தை நடத்துகிற அதே நிறுவனத்தினுடையது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் லேயைவிட இன்னும் ஆயிரம் மீட்டர் உயரம். இரவுக் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் வை. அறைக்குள் வருமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடு, இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். தண்ணீர் நிறையக் குடி. தலை வலித்தால் மேலே ஏறாதே. வலி கூடினால் கீழே இறங்கிவிடு, விடியட்டும் என்று காத்திருக்காதே. வானம் எங்கும் போய்விடாது.

உன் ப்ரீபெய்டு எண் அங்கே எடுக்காது என்பது தெரியும். விடுதிக்காரர் போனிலிருந்தாவது பேசு. ஹான்லேக்கு வண்டி எத்தனை பேருக்குப் பேசியிருக்கிறாய் என்பதையும் சொல்; வாடகையைப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையுமே என்றுதான் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா