அம்புக்குறி சரிதான், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மற்றதெல்லாம் அவளே போனில் சொல்லியிருப்பாள்.

நீ அனுப்பிய படத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துப் பிரார்த்தனைக் கூடம். வாசலில் செருப்பு அடுக்கு, ஒரு மூலையில் சுருட்டி வைத்த தொழுகை விரிப்புகள், எதிர் மூலையில் தியானத்துக்கு உட்காரும் திண்டுகள், கதவில் வார அட்டவணை. வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை, அன்று மாலையே யூதப் பிள்ளைகளின் சபாத் வழிபாடு, ஞாயிறு காலை கிறிஸ்தவர்கள், மற்ற நேரத்தில் யாரும் வந்து சும்மா உட்காரலாம். எனக்குக் கண் போனது தரையில் ஒட்டியிருந்த அம்புக்குறி மேல். மக்காவின் திசை, வடகிழக்கு என்று எழுதியிருந்தாய். தேசப்படத்தில் மக்கா உங்களுக்குத் தென்கிழக்கே அல்லவா? யாரோ அசட்டையாக ஒட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பரணிலிருந்து பழைய உலக உருண்டையை இறக்கி, உன் ஊரில் ஒரு முனையும் மக்காவில் ஒரு முனையுமாக நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூல் வடகிழக்கே கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா வழியாகக் கீழே இறங்கியது. அம்புக்குறி சரிதான். உருண்டை மேல் அதுதான் குறுக்கு வழி. தட்டைப் படத்தை நம்பினால் தெரியாது. வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு இதையே நடத்தியவன் நான்!

இதை விலாவாரியாக உனக்கு அனுப்பினேன். "ஓகேப்பா" என்று பதில் போட்டாய்.

பழைய பாப்பா என்றால் "அப்போ நியூசிலாந்துல இருக்கறவங்க எந்தப் பக்கம் திரும்புவாங்க?" என்று கேட்டு என்னை நடு ராத்திரி வரைக்கும் உட்கார வைத்திருப்பாள்.

நீ அந்தக் கூடத்துக்குப் போவதில் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. பெரியப்பா போன் செய்து, "சாமியே இல்லேன்னு வளர்த்தியே, இப்போ பார்த்தியா" என்று சிரித்தார். அம்மாவுக்கு வேறு சந்தோஷம் தாங்கவில்லை. ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பெரியப்பாவுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். ஹார்வர்டில் 40-க்கும் மேற்பட்ட சாப்ளின்கள் (மாணவர்களுக்கு ஆறுதலும் வழிகாட்டலும் தர பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள்) சேர்ந்து 2021-இல் தங்களுக்குத் தலைவராக யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? கிரெக் எப்ஸ்டீன் என்ற நாத்திகரை. பாதிரியார், ரபி, இமாம் எல்லாரும் இருக்கிற சபை அது! பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் பிராண்டைஸ் பல்கலைக்கழகம். 1948-இல் யூதர்கள் முன்னின்று தொடங்கியது. அங்கே 1955-இல் ஒரே குளத்தைச் சுற்றி மூன்று வழிபாட்டுக் கூடங்கள் கட்டினார்கள்: யூதருக்கு, கத்தோலிக்கருக்கு, புராட்டஸ்டண்டுக்கு. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். எத்தனையோ மேடைகளில் மத நல்லிணக்கம் என்று பேசக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். நிழலைக் கணக்குப் போட்டவன் அதையெல்லாம் விட மேல். முடிந்தால் ஒரு நாள் போய்ப் பார். தனியாக வேண்டாம், உன் அறைத்தோழியோடு போ.

நீங்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் "எங்கள் மதம் இப்படிச் சொல்கிறது" என்று பேசக் கூடாது, "எனக்கு இப்படிப் படுகிறது" என்று மட்டும்தான் பேசலாம் என்றாயே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. உன் முறை வந்ததும் நீ என்ன பேசினாய்? அதை மட்டும் சொல்லவே இல்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். "அங்கே போய் உட்கார்ந்தா தூக்கம் வருதுப்பா" என்றாய். அம்மா காதில் "அங்கே" விழுந்தது. எனக்கு "தூக்கம்" விழுந்தது. அறையில் கட்டில் இருக்கும்போது எதற்குப் பிரார்த்தனைக் கூடத்து நாற்காலியில் தூக்கம்? மதியம் சாப்பிட்டுவிட்டு நான் அனுப்பும் செய்திக்கு உடனே நீலக்குறி விழுகிறது. அப்போது உனக்கு விடியற்காலை. தீர்க்கரேகைக் கணக்கு எனக்குத் தெரியாதா? சின்ன மாமாவும் முதலில் தூக்கம் வரவில்லை என்றுதான் சொன்னார். அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

நேரத்துக்குத் தூங்கு. படிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

அந்த சாப்ளின் அம்மாவிடம் போய்ப் பேசுகிறாய் என்று உன் தோழி வாய் தவறிச் சொன்னாள். அவளைக் கோபிக்காதே. என்னிடம் சொல்லாததை யாரோ ஒரு அம்மாவிடம் சொல்கிறாளே என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் படித்துப் பார்த்தேன். பேராசிரியரிடம் சொன்னால் சில விஷயங்களை அவர் மேலே தெரிவித்தே ஆக வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்களில் விதி இருக்கிறதாம். சாப்ளினிடம் சொன்னது பொதுவாக அவரோடு நிற்கும். உயிருக்கு ஆபத்து என்றால்தான் வாய் திறப்பார். ஆளை மதத்துக்கு இழுக்கிற வேலையும் இல்லை. சாமி இல்லை என்கிறவனும் போய் உட்காரலாம். நல்ல ஏற்பாடு. அந்தக் கடைசி விதிவிலக்கைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பெற்றவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. 1974-இல் போட்ட சட்டமாம். கல்லூரிப் பிள்ளையின் மதிப்பெண்ணைக்கூட அவள் சம்மதித்தால்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். அம்மா அந்தச் சட்டத்தைத் திட்டித் தீர்த்துவிட்டாள். நான் திட்டவில்லை. நீ பெரியவள். உன் வயதில் என் அப்பாவுக்கு நான் எந்தக் கணக்கும் கொடுத்ததில்லை.

ஆனால் அந்த சாப்ளின் அம்மாவோடு நிறுத்திக்கொள்ளாதே. மாணவர்களுக்கான கவுன்சலிங் சென்டரில் யாரைப் பார்க்கலாம் என்று அவரிடமே கேள். இப்படி அனுப்பி வைப்பதும் அவர்கள் வேலைதான். இரவில் பேச வேண்டும் போலிருந்தால் 988 என்று ஒரு எண் அங்கே 2022 ஜூலையிலிருந்து இருக்கிறது. கூப்பிடலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். போனில் பதிந்து வை. உன் அறைத்தோழிக்கோ வேறு யாருக்கோ உதவும்.

இல்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.

சாப்பிடு. தூங்கு. அந்தக் கூடத்துக்குப் போவதை விடாதே. அங்கே தூக்கம் வருகிறது என்றால் அங்கேயே தூங்கு. பெரியப்பா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா இந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை. உருண்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் நீயாக ஒன்றும் சொல்ல வேண்டாம். நாளை மதியம், அதாவது உனக்கு விடியற்காலையில், கூப்பிடுகிறேன். தூங்கிக்கொண்டிருந்தால் எடுக்காதே. விழித்திருந்தால் எடு.

அப்பா