நடுத்தெருப் பெண்களுக்குத் தடுப்பூசி விளக்கக் கூட்டம் கேட்டு மூன்றாம் மனு

அனுப்புநர்
ஆசிரியை, பெண்கள் மதரஸா,
நடுத்தெரு, தர்கா முக்கு.

பெறுநர்
உயர்திரு துணை இயக்குநர் அவர்கள்,
சுகாதாரப் பணிகள்.

நாள்: 28-9-2021

பொருள்: கொரோனா தடுப்பூசி – நடுத்தெரு, தர்கா தெருப் பெண்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பெண் மருத்துவர் ஒருவரை அனுப்பக் கோருதல் – வீட்டுக் கணக்கெடுப்பில் எழுதப்பட்ட ‘மறுப்பு’ என்ற சொல்லை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 12-7-2021.
2. எனது நினைவூட்டு மனு, நாள் 16-8-2021.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட இரண்டு மனுக்களுக்கும் இதுவரை பதில் இல்லை. தங்களுக்கு இருக்கும் வேலைப்பளு தெரியும். இருந்தும் மூன்றாவதாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

எங்கள் தெருவைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் தர்கா முக்கில் தகரம் அடித்து அடைத்தபோது, அந்த வெயிலில் தாங்களே வந்து நின்றீர்கள். ஒவ்வொரு மாலையும் தொற்றுக் கணக்கில் எங்களை மட்டும் தனியே பிரித்துச் சொன்ன நாட்கள் அவை. அதை நோண்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வெள்ளை உடுப்போடு வாசலுக்கு யார் வந்தாலும் எங்கள் பெண்கள் இன்றும் ஏன் கதவை ஒருக்களித்தே வைக்கிறார்கள் என்பது தங்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

1. தடுப்பூசி வேண்டாம் என்று எங்கள் ஜமாஅத் சொல்லவில்லை. ஊசி போடச் சொல்லி, பள்ளிவாசல் இமாமான எங்கள் ஹஜ்ரத் ஜும்ஆவில் மூன்று முறை பேசிவிட்டார். நானும் இரண்டு டோஸ் போட்டுவிட்டேன்.

2. விளக்கம் என்ற பெயரில் எங்களுக்கு வந்தது ஒரு ஆட்டோ. லுஹர் என்னும் நண்பகல் தொழுகை நேரத்தில் ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் நுழைந்து, பாங்கு முடிவதற்குள் மறுமுனைக்குப் போய்விட்டது. ஆட்டோவிடம் கேள்வி கேட்க முடியாது. பெண்கள் கேட்பவையோ எல்லாம் கேள்விகள். பன்றிக்கொழுப்பு இருக்கிறதா? பிள்ளை தங்காதாமே? பால் கொடுக்கிறவள் போடலாமா? மாதவிலக்கு நாளில் போடலாமா? நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாளே இறந்தாரே, அது எதனால்? அவருடைய மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சுகாதாரச் செயலாளர் சொன்னது தொலைக்காட்சியில் வந்தது. எங்கள் கைப்பேசிகளுக்கு வந்ததோ அழுதுகொண்டே பேசும் ஒரு குரல் பதிவு. அழுகை ஜெயித்துவிட்டது, ஐயா.

முடிந்த பதில்களை நானே தேடினேன். செவிலியர் கல்லூரியில் படிக்கும் என் மகன் கோவிஷீல்டின் மூலப்பொருள் பட்டியலை ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னான். ஹிஸ்டிடின், மெக்னீசியம் குளோரைடு, பாலிசார்பேட் 80, சர்க்கரை, உப்பு என்று போகிறது. ஜெலட்டின் இல்லை. கோவாக்சினிலும் இல்லை. இதைச் சொன்னதும் பாதிப் பேர் தெளிந்தார்கள். ஆனால் அதே பட்டியலில் எத்தனாலும் இருக்கிறது. “அது சாராயம்தானே உஸ்தாத்பீ?” என்று கேட்டாள் ஒரு பெண். நான் அதை மறைக்கவில்லை. அஸ்ட்ராஜெனகாவின் பெயரில் இதே ஊசிக்கு இங்கிலாந்தில் தரும் குறிப்பில், ஒரு டோஸுக்கு 2 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. மருந்தில் அந்த அளவு கலந்திருந்தால் குற்றமில்லை என்று ஹஜ்ரத்தும் சொன்னார். ஓதிக்கொடுக்கிறவள் மருந்துக்கணக்கு பார்த்துச் சொல்லும் நிலை எதற்கு? இதைச் சொல்லத்தானே தங்கள் துறை இருக்கிறது?

கோவாக்சினில் கன்றுக்குட்டி சீரம் இருப்பதாகப் பேச்சு கிளம்பியபோது, முடிவில் வரும் மருந்தில் அது கிடையாது என்று ஒன்றிய அமைச்சகம் ஜூன் 16ஆம் தேதி அறிக்கை விட்டது. நல்லது. அதுபோல ஒரே ஒரு பக்கம் தமிழில் அச்சடித்து, தங்கள் கையெழுத்தோடு எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் இந்த மனுவே தேவைப்பட்டிருக்காது.

3. இந்த மூன்றாவதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். முதல் இரண்டு மனுக்களிலும் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் மூத்த ராத்தாவுக்கு (அக்காவுக்கு) வயது 58. சர்க்கரை உண்டு. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் போடலாம் என்று அறிவித்ததும், எங்கள் தெருவில் முதலில் கிளம்பியவர் அவர்தான். ஆதார் அட்டையைக்கூட எடுத்துப் பையில் வைத்துவிட்டார். அதற்குள் நோன்பு வந்துவிட்டது. “நோன்போடு ஊசி போட்டால் நோன்பு முறியுமா, கேட்டுச் சொல்” என்றார். மருத்துவமனையில் கேட்டேன். “அதை உங்க ஹஜ்ரத்துகிட்ட கேளுங்கம்மா” என்றார்கள். ஹஜ்ரத்திடம் கேட்டேன். ஊசி சதைக்குள் போகிறதா, ரத்தத்தில் போகிறதா, சத்து மருந்தா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார். மறுபடி மருத்துவமனைக்குப் போனேன். அன்று ஊசி தீர்ந்துவிட்டதாகச் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கேள்வி உள்ளே போகவே இல்லை. புஜத்துச் சதையில் போடும் ஊசி, அது உணவும் அல்ல, வயிற்றுக்குள் போவதும் அல்ல, ஆகவே நோன்பு முறியாது. இந்த ஒரு வரிப் பதில் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது நோன்பு பாதி கழிந்திருந்தது. “இவ்வளவு நாள் பொறுத்தாச்சு, பெருநாள் கழிச்சுப் போட்டுக்கிறேன்” என்றார் ராத்தா. பெருநாள் மே 14. அவருக்குக் காய்ச்சல் கண்டது மே 6. மே 21 வெள்ளிக்கிழமை வஃபாத்தாகிவிட்டார். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிய மய்யித்தைத் தெருப் பையன்கள்தான் கபரில் இறக்கினார்கள்.

இதற்கு யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னவள் நான்தானே. ஆனால் ஜூலையில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தார்கள். அந்த நோட்டை நான் எட்டிப் பார்த்தேன். ராத்தாவின் பெயர் இருந்தது. பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘மறுப்பு’.

யார் ஐயா மறுத்தது? அவர் இப்போது உயிரோடு இல்லை என்றேன். “ஊசி போடலைல்ல, அப்ப மறுப்புதாம்மா, வேற கட்டம் இல்ல” என்றார்கள். பட்டியலில் ‘இறப்பு’ என்று எழுத ஒரு கட்டம் இல்லையா? ‘கேள்வி கேட்டார், பதில் தரவில்லை’ என்று எழுத ஒரு கட்டம் இல்லையா?

4. அந்த நோட்டில் எங்கள் இரண்டு தெருவிலும் பாதிக்கு மேல் மறுப்பு என்றே இருக்கிறது. மறுப்புத் தெருவுக்கு ஊசி அனுப்பினால் வீணாகும் என்று செப்டம்பர் 12, 19, 26 ஆகிய மூன்று ஞாயிறு மெகா முகாம்களும் மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கமே நடந்தன. அங்கே திரை கிடையாது. ஊசி போடுபவர் ஆண். புர்காவின் கையைத் தோள்வரை ஏற்றிக்கொண்டு ஊர் பார்க்க நிற்க வேண்டும். நின்றவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகள் போடலாம் என்று ஜூலை 2ஆம் தேதியே அறிவித்தாகிவிட்டது. அவள் வரிசையில் நின்று, “இந்த மாசத்துல போட்டா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “யோசிச்சுட்டு வாங்க, பின்னாடி வரிசை நிக்குது” என்றார்கள். திரும்பி வந்துவிட்டாள். அவளையும் மறுப்பு என்றுதான் எழுதியிருப்பீர்கள்.

5. வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபராளிகள் பிரச்சினை தனி. சவூதி ஏற்கும் பட்டியலில் கோவாக்சின் இல்லை. தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டு, விசா கையில் இருந்தும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த ஊசி என்று போடும் முன்பே சொல்லிவிட்டால் போதும். சான்றிதழில் பாஸ்போர்ட் எண் சேர்ப்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஐயா, நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. பெண் மருத்துவர் ஒருவரை ஒரே ஒரு நாள் மாலை, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் எங்கள் மதரஸாவுக்கு அனுப்புங்கள். சொற்பொழிவு வேண்டாம். அவர் உட்கார்ந்து பதில் சொன்னால் போதும். நோன்பு, ஹலால் பற்றிக் கேட்டால் திரைக்கு அந்தப் பக்கம் ஹஜ்ரத்தும் இருப்பார். இனி யாரும் யாரையும் கேட்டுவிட்டு வா என்று அனுப்ப வேண்டியதில்லை. தமிழில் ஒரு பக்க விளக்கத்தாள் தாருங்கள், பெரிய எழுத்தில். தமிழ் வாசிக்கத் தெரியாத மூத்த பெண்களுக்கு அதை அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் நாங்களே எழுதிக்கொள்கிறோம். மறுநாளே அங்கேயே ஒரு முகாம், பெண் செவிலியரோடு, வெள்ளிக்கிழமை அல்லாத நாளில்.

அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். எங்கள் தெருவுக்கு நேரே இருப்பதையும், முக்கியமாக என் ராத்தாவின் பெயருக்கு நேரே இருப்பதையும். அவர் மறுக்கவில்லை, ஐயா. கேட்டார். மறுபடியும் தாழ்மையோடு வேண்டுகிறேன், அதை எடுத்துவிடுங்கள்.

மதரஸா இன்னும் திறக்காததால் கூடம் காலியாகத்தான் இருக்கிறது. மின்விசிறி இரண்டு, தண்ணீர், திரை எல்லாம் உண்டு. சாவி என்னிடம் இருக்கிறது. எந்த நாள் என்று முந்தின நாள் மாலை சொல்லியனுப்பினாலும் தெருப் பெண்களைக் கூட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: 1. முந்தைய இரு மனுக்களின் நகல், அஞ்சல் ரசீதுகளுடன்.
2. பெண்கள் எழுதிக்கொடுத்த கேள்விகள், 4 தாள்கள்.
3. ராத்தாவின் இறப்புச் சான்றிதழ் நகல்.