வயலில் இறங்குமுன்

கரவெட்டி

அன்புள்ள மகனுக்கு,

கிளிநொச்சியில் குத்தகைக்கு எடுத்த வயலில் காலபோகப் பயிரை அகிழான் எலி வெட்டத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். அழியும் நெல்லை எண்ணி நீ கவலைப்படுவது சரிதான். எனக்கோ அது வயலில் விட்டுப்போகும் சிறுநீரைப் பற்றித்தான் பயம்.

எலிக்காய்ச்சற் கிருமி எலியின் சிறுநீரகத்தில் தங்கியிருந்து, எலிக்கு ஒரு கேடும் செய்யாமலே மாதக்கணக்கில் சிறுநீரோடு வெளியேறிக்கொண்டிருக்கும். காய்ந்த நிலத்தில் அது விரைவில் அழிந்துவிடும். மாரி மழையில் வரம்போரம் தேங்கிய நீரிலும் சேற்றிலும் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். எலி கடிக்க வேண்டுமென்றில்லை, சேற்றில் ஊறி வெடித்த விரலிடுக்கோ கண்ணில் தெறித்த ஒரு துளி நீரோ போதும். ஆகவே சப்பாத்துப் போடாமல் இறங்காதே. வழுக்குகிறது என்று நீ சொல்வாய், தெரியும்.

மாட்டுக்கொட்டிலையும் கவனி. வைக்கோற் பட்டடையைக் கொட்டிலோடு ஒட்டி வைத்தால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். தவிட்டையும் பிண்ணாக்கையும் மூடியுள்ள பீப்பாவில் போட்டு வை. மாட்டுக்கும் இந்நோய் தொற்றும், கன்று கலைவதும் உண்டு.

2024 டிசெம்பரில் எங்கள் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலில் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது, இன்ன நோயென்று முதலில் எவருக்கும் விளங்கவில்லை. பரிசோதித்த பிறகே எலிக்காய்ச்சல் என்றார்கள். மாரியில் டெங்குவும் பரவுவதால் இரண்டையும் பிரித்தறிவது வைத்தியருக்கே கடினம். கிருமி புகுந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல் வருமாகையால், அதற்குள் வயலை நாம் மறந்தே போயிருப்போம். காய்ச்சலோடு கெண்டைக்கால் நொந்தாலோ கண் சிவந்தாலோ பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. போனதும் வயலில் இறங்கியதை, அவர்கள் கேட்காவிட்டாலும், நீயே சொல். சிறுநீர் குறைந்து, கண் மஞ்சளாகி, மூச்சு முட்டும்வரை பொறுத்தவர்களைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

வயலில் இறங்குவோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இந்நோய் வராமல் தடுக்க வாரத்துக்கொருமுறை போடும் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பார்கள். உன்னோடு களை பிடுங்க வரும் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கேள். மருமகள் இப்போதிருக்கும் நிலையில் அந்தக் குளிசை அவளுக்கு ஆகாது. பிள்ளை பிறக்கும்வரை அவள் வயற்பக்கம் வரவேண்டாம். சேறு படிந்த உன் உடுப்பையும் நீயே அலசிப்போடு.

அன்புடன்,
அம்மா