குழாயை அடைக்கச் சொல்வது தகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் வாகனக் கேள்வி-பதில் பகுதியில் கோத்தகிரி வாசகர் ஒருவர், தம் பழைய அம்பாசடருக்கு எஞ்சின் வேலை முழுவதும் செய்த பிறகும் பிரீதர் குழாயில் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் குழாயில்) புகை வருகிறது, எண்ணெயும் கசிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். தங்கள் நிபுணர் தந்த பதில் இது: பிஸ்டன் ரிங் சரியில்லை, எஞ்சினை மறுபடி இறக்க வேண்டும், அதுவரை குழாயை ரப்பர் மூடி போட்டு அடைத்து வைக்கலாம். படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. இப்படி ஒரு யோசனையை அச்சில் ஏற்றும்முன் அலுவலகத்தில் ஒருவர்கூடவா தடுக்கவில்லை?

தங்களுக்குத் தெரியாததல்ல. எந்த எஞ்சினிலும், நேற்று சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) ரிங் மாற்றியதிலும்கூட, எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டி, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்காக வைத்த வழிதான் அந்தக் குழாய். அதை மூடினால் வாயு நின்றுவிடாது, வேறு வழி தேடும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கைத் தூக்கும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கில் கசியும். பிறகு எஞ்சினின் பின்பக்கம் போகும். அம்பாசடரின் அந்நாளைய 1489 சிசி எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகு மரை மட்டுமே உண்டு. உள்ளே அழுத்தம் ஏறினால் அந்த மரை தோற்றுப்போகும், எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் ஏறும். ஏற்றத்தில் கிளட்ச் நழுவினால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் நழுவினால்? உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் செகண்ட் கியரின் பிடிப்பு போய்விட்டால், பாரம் முழுவதையும் சூடேறிய டிரம் பிரேக்கே தாங்க வேண்டும். அங்கே நடந்த விபத்துகளைத் தங்கள் நாளிதழே எத்தனை முறை முதல் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறது!

இன்னொன்றையும் அந்த நிபுணர் யோசிக்கவில்லை. அந்தக் குழாய் தரையை நோக்கித் தொங்குவது காரணத்தோடுதான். வண்டி ஓடும் வேகத்தில் அடியில் பாயும் காற்று, குழாயின் வாயிலிருந்து வாயுவை இழுத்துக்கொள்ளும். சமவெளியில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இதனால் புகையே தெரியாது. கல்லாறு தாண்டி பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறுகிறபோது வண்டி ஊர்கிறது. இழுக்கக் காற்று இல்லை. ஆக்ஸிலேட்டரோ முழுதும் அழுத்தியிருக்கிறது. ரிங்கைத் தாண்டும் வாயுவும் அப்போதுதான் அதிகம். மலையேறும் பழைய வண்டியின் குழாயில் கொஞ்சம் ஆவி தெரிவது நோய் அல்ல. இதைச் சென்னையில் அமர்ந்துகொண்டு ரிங் தேய்மானம் என்று தீர்ப்பு எழுதினால், இங்கே ஒருவர் அரை லட்சம் ரூபாயை லேத் பட்டறையில் கொண்டுபோய்க் கொட்டுவார்.

நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். தந்தை விட்டுச்சென்ற மார்க் 2 அம்பாசடருக்குச் சமவெளியில் ஒரு பட்டறையில் எஞ்சின் வேலை செய்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பின்பக்கம் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. கியர் பாக்ஸைக் கழற்றினார்கள், கிளட்ச் பிளேட்டை மாற்றினார்கள். மறுபடி சொட்டியது. மறுபடி கழற்றினார்கள். கடைசியில் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். ஸ்பேனரை எடுக்கவில்லை. டேப்பெட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் ஹோஸை இரண்டு விரலால் அழுத்தினார், கொழகொழவென்று அமுங்கியது. பட்டறைக்காரர்கள் ரேடியேட்டர் ஹோஸில் ஒரு துண்டை வெட்டி மாட்டியிருந்தார்கள். எண்ணெய் ஆவி பட்டு அது உள்ளே ஊறி உப்பி, சுண்டு விரல் நுழையக்கூட இடமில்லை. பக்கவாட்டு மூடியின் கம்பி வலையையும் அவர்கள் கழுவவே இல்லை. பழைய கசடு தார் போல இறுகிக் கிடந்தது. வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, எண்ணெய் தாங்கும் ஹோஸ் ஒன்றை மாட்டியதோடு கசிவு நின்றது. இன்றும் அந்த வண்டியில்தான் சந்தைக்குப் போகிறேன்.

ரிங்கைச் சந்தேகிப்பதானால் முறையாகச் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரஷன் (சிலிண்டரின் அழுத்தம்) பார்த்து, ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தால் அளவு ஏறுகிறதா? ஏறினால் ரிங்தான். ஏற்றம் முழுக்கச் சைலன்சரில் நீலப் புகை வந்தாலும் ரிங்கைப் பார்க்க வேண்டும். மாறாக, நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு வந்து, அடிவாரத்தில் மறுபடி மிதிக்கும்போது மட்டும் குப்பென்று நீலப் புகை வந்தால் அது வால்வின் தண்டு ஓடும் வால்வ் கைடு வழியே இறங்கிய எண்ணெய். மலைக்காரர்களுக்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. புதிதாகப் போர் போட்ட எஞ்சினில் ரிங் படிவதற்குச் சில காலம் ஆகும் என்பதையாவது அந்த வாசகருக்குச் சொல்லியிருக்கலாம். உதகையின் குளிரில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் வண்டியை எடுக்கிறவர்களின் எண்ணெய் மூடிக்குள் வெளிறிய குழம்பு படிவதும் பெரும்பாலும் ஈரத்தால்தான். அதைப் பார்த்து, ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது என்று நினைத்து ஹெட் கேஸ்கட்டை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இது முதல் முறையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கிராங்க் கேஸ் வாயுவை எஞ்சினே உறிஞ்சிக்கொள்ள விடும் பி.சி.வி. வால்வைப் புதிய காருக்குரியதாக வாங்கிப் பழைய எஞ்சினில் மாட்டினால் போதும் என்று இதே பகுதியில் முன்பு எழுதினீர்கள். அந்த வால்வின் ஸ்பிரிங் வேறொரு எஞ்சினின் உறிஞ்சலுக்காக அமைத்தது. 2,240 மீட்டர் உயரத்து உதகையில் எஞ்சினுக்குள் காற்றுப் போகும் மேனிஃபோல்டின் வெற்றிட அளவு கடல்மட்டத்தைவிடப் பாதரச அளவில் ஏறத்தாழ ஏழு அங்குலம் குறையும். இதையெல்லாம் விளக்கி அன்றே எழுதினேன், வெளியிடவில்லை. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதியைப் பற்றி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ எண் வாங்கினால் தினமும் ஓட்டலாம் என்றும் எழுதினீர்கள். அந்த விதியில் அன்றாடப் பயன்பாட்டுக்கு இடமே இல்லை. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் அனுமதி. அதைச் சுட்டிய கடிதத்துக்கும் பதில் இல்லை. கோடை விழா வந்தால் மட்டும் எங்கள் வண்டிகளின் முன்பக்கக் கிரில்லை அரைப்பக்கப் படமாகப் போடுகிறீர்கள். அந்தக் கிரில்லுக்குப் பின்னால் ஓர் எஞ்சின் இருக்கிறது, ஐயா.

நான் கேட்பது இரண்டே வரி. வரும் ஞாயிறு அதே பகுதியில், பிரீதர் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது, முதலில் ஹோஸையும் வலையையும் பார்க்க வேண்டும் என்று திருத்தம் வெளியிடுங்கள். கோத்தகிரி வாசகரின் முகவரி தங்களிடம் இருக்கும். ஞாயிறு வரை காத்திராமல் அவருக்கு இன்றே தகவல் சொல்லிவிடுங்கள். அவர் ஏற்கெனவே குழாயை அடைத்திருந்தால், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குமுன் அதை எடுத்துவிடட்டும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
வெலிங்டன், நீலகிரி