ஐஸ் மேல வெச்சா மட்டும் போதாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நம்ம பர்மா மோல்மீன்ல சால்வின் ஆறு கடல்ல கலக்குது, மீனுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா போன வாரம் மார்க்கெட்ல வாங்குன உல்லம் (பர்மா பாஷையில ஙாதலௌன்னு கேட்டாத்தான் குடுப்பாங்க) வீட்டுக்கு வந்து அரிவாமனையில வெச்சதும் வயிறு கிழிஞ்சு குடலே வெளிய வந்துடுச்சு, செவுளு காப்பிக்கொட்டை நிறம். எங்க வீட்டம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே!

தப்பு என்னன்னா மீன அடியில குவிச்சுட்டு மேலாப்புல ரெண்டு ஐஸ் கட்டி வெக்கிறாங்க. எங்கப்பா படகுல போனவரு, புடிச்ச உடனே செவுளுக்கிட்ட கீறி ரத்தத்த வடியவிட்டு, பெரிய மீன்னா குடலையும் எடுத்துடுவாரு. ஐஸ நொறுக்கி ஒரு அடுக்கு மீன் ஒரு அடுக்கு ஐஸ்னு போடணும், நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸாவது வேணும். பெட்டி அடியில ஓட்டை இருக்கணும், உருகுன தண்ணியும் ரத்தமும் தேங்கி நின்னா அதுலயே மீன் ஊறி நாறிடும்.

கானாங்கெளுத்தி, சூரை வாங்குறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். சூட்டுல கெடந்தா அதுல ஹிஸ்டமின்ங்கிற நஞ்சு சேரும், எவ்வளவு நேரம் கொதிக்க வெச்சாலும் போகாது, மூஞ்சி செவந்து தலவலி வந்துரும். புளி ஊத்துனா சரியாயிடும்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க.

கரண்டு அடிக்கடி போறதால வீட்டு ஃபிரிட்ஜ நம்பி நான் மீன் வெக்கிறதில்ல, காலையில வாங்கி மத்தியானமே கொழம்பு. மார்க்கெட்டப் பாக்குற அதிகாரிங்க பெட்டியத் தொறந்து அடியில கைய விட்டுப் பாக்கணும்.

இப்படிக்கு,
மோல்மீன் வாசகர்